தையல் கேள்வி பதில்: அடியில் குஞ்சம் கட்டினால் மேலே பாருங்கள்

கேள்வி: என் பாட்டி காலால் மிதித்துத் தைத்த கறுப்பு மிஷின் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 2011 தானே புயலில் கூரை ஓடு பறந்து நனைந்ததிலிருந்து மூலையிலேயே கிடந்தது. துடைத்து, தேங்காய் எண்ணெய் விட்டேன், சக்கரம் சுற்றுகிறது. ஆனால் தைத்த துணியைத் திருப்பினால் அடியில் நூல் குஞ்சம் குஞ்சமாகத் தொங்குகிறது. கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கிற கூடான பாபின் கேஸின் திருகை இறுக்கிப் பார்த்தேன், இப்போது கீழ்நூல் அறுந்துபோகிறது. பார்க்க வந்தவர் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை அக்கா.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போடவே போடாதீர்கள் தங்கச்சி. சக்கரம் சுற்றுகிறது, ஊசி இறங்குகிறது, நூல் கோக்கிறது என்றால் இரும்புக்குப் போகிற மிஷின் இல்லை அது.

அடியில் குஞ்சம் கட்டினால் எல்லோருக்கும் கை முதலில் பாபினுக்குத்தான் போகும், நானும் பழகின காலத்தில் அதைத்தான் நோண்டினேன். கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் கீழே போய், அடியில் நூலைப் பிடிக்கிற ஷட்டிலின் முனையில் மாட்டி, பாபின் கேஸை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்ப வருகிறது. ஊசிக்கு மேலே ஏறி இறங்குகிற அந்தக் கைதான் அதை இழுத்து வாங்குகிறது. மேல்நூல் நடுவில் புகுந்து வருகிற டென்ஷன் தட்டு இரண்டும் நூலைக் கவ்விப் பிடித்தால்தான் அந்தக் கையால் இறுக்க முடியும். கவ்வாவிட்டால் அது இழுக்கும்போதெல்லாம் ரீலிலிருந்து புது நூல் வந்துகொண்டே இருக்கும், கீழே சுற்றிப் போன நூல் அங்கேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கிற குஞ்சம் அதுதான்.

அதனால் நூலை மொத்தமாக உருவிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள், கோக்கும்போது துணியை அழுத்துகிற பாதம் தூக்கியே இருக்கட்டும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போகாமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் சரியாகக் கோத்த மாதிரியே தெரியும். இத்தனை வருஷம் உப்புக்காற்றில் கிடந்ததால் தட்டுகளுக்கு நடுவில் துருவும் பிசுக்கும் நிச்சயம் இருக்கும். பழைய வேட்டித் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்து, மண்ணெண்ணெயில் லேசாக நனைத்து, பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டுகளுக்கு இடையில் இப்படியும் அப்படியும் இழுங்கள். செம்பழுப்பாக ஒரு கோடு துணியில் வரும். அந்தக் கோடு வருவது நிற்கிற வரைக்கும் இழுங்கள், அப்புறம் காய்ந்த துணியால் ஒரு தடவை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டாம்.

நீங்கள் இறுக்கிய திருகை இப்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், அந்தத் திருகு கடுகு மாதிரி, விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கேஸின் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய தகட்டுக்கு அடியில் விசிட்டிங் கார்டு முனையைச் செருகி இழுங்கள், ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்கு வெளியே வரும். நூல் சிக்குவதற்கு அதுவே போதும். பிறகு பாபினைப் போட்டு, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே ஓடினால் தளர்ந்திருக்கிறது, உதறியும் அசையவில்லை என்றால் இறுகியிருக்கிறது. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அந்த நிலை வந்ததும் திருகை மறந்துவிடுங்கள், இனிமேல் சரிசெய்வதெல்லாம் மேல் டென்ஷனில்தான்.

ஊசியைக் கட்டாயம் மாற்றுங்கள், பாட்டி போட்ட ஊசியோடு தைக்காதீர்கள். சாதாரணப் பருத்திக்கு 14 அல்லது 16 போதும். பாட்டி டப்பாவில் இருக்கிற நூல்களையும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தைக்க வேண்டாம், பழைய பருத்தி நூல் இற்றுப்போய்ப் பட்டுப் பட்டென்று அறும், மிஷின் மேல் வீணாகப் பழி விழும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். இப்போது சுற்றும், ஆனால் நாளாக ஆகப் பசை மாதிரி கட்டிப்போய்ச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, வெறும் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, வழிகிற கறுப்பைத் துடைத்துவிட்டு, மிஷின் ஆயில் விடுங்கள். உடம்பில் இருக்கிற பொன்னிறப் பூவேலை மேல் தின்னரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது, பூ உரிந்துவிடும், திரும்ப வராது.

கேள்வி: அம்மாவின் மிஷினில் பாபின் நீளக் குச்சி மாதிரி, ஷட்டில் படகு மாதிரி இருக்கிறது. புது ஊசி போட்டதிலிருந்து தையல் விட்டு விட்டு விழுகிறது.
– வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள் தம்பி. வட்ட பாபின் மிஷினில் போடுகிற பழக்கத்தில் இது எல்லோருக்கும் நடக்கும். ஊசியின் ஒரு பக்கம் மேலிருந்து கண் வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். தட்டையான பக்கம் ஷட்டில் வருகிற பக்கம் இருக்க வேண்டும். படகு ஷட்டில் வைத்த பழைய சிங்கரில் நூல் இடமிருந்து வலமாகப் போகும், வட்ட பாபின் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலும் வலமிருந்து இடம். ஊசியை மேலே முட்டுகிற வரை தள்ளித் திருகை இறுக்குங்கள், கொஞ்சம் கீழே நின்றாலும் ஷட்டில் முனைக்கு நூல் வளையம் கிடைக்காது.

கேள்வி: தாத்தா வாங்கிய சிங்கர் எத்தனை வருஷப் பழசு என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முடியும். மிஷினின் அடித்தட்டில், சக்கரம் இருக்கிற பக்கம் ஒரு எண் பொறித்திருக்கும். வெறும் எண்ணாக இருந்தால் 1900க்கு முந்தியது. எஃப், ஜே, ஒய் இவற்றில் ஒரு ஒற்றை எழுத்தில் தொடங்கினால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது, அந்த ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். எழுத்தையும் எண்ணையும் எழுதி அனுப்புங்கள், வருஷத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.