சிறந்த கட்டுரைக்குப் பரிசு: எதைப் பார்ப்பது?

வணக்கம். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசில் வந்த சிறப்புக் கட்டுரைகளில் ஒன்றுக்கு உங்கள் வாசிப்புக் குழு பரிசு தரப்போவதாகவும், நடுவர்கள் மொழிநடையிலேயே மல்லுக்கட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நடை முக்கியம்தான். ஆனால் எழுதியவர் நேரில் போய்ப் பேசினாரா என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பூக்கடை பற்றிய கட்டுரை என்றால், விடியலில் மல்லிகை மூட்டை பிரிப்பது, வாடகை, கடையைப் பிள்ளைகள் எடுத்து நடத்துவார்களா என்ற கவலை எல்லாம் கடைக்காரர் வாய்ச்சொல்லாகவே வர வேண்டும். ‘பாரம்பரியம் மணக்கும் கடை’ என்பதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம்; அதற்கு மதிப்பெண் தராதீர்கள்.

அப்புறம், முரசு 1935இல் தொடங்கியது. பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அதே பொருளில் முன்பு வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரிசோடு, எந்தப் பத்தி பிடித்தது, ஏன் என்று எழுதியவருக்கு ஒரு கடிதமும் கொடுங்கள்.