எடின்பரோ குளிருக்கு ஒரு பெட்டி உடுப்பு

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வேலை கிடைத்து செப்டம்பரில் எடின்பரோ போகிறேன். ஆபீசுக்கும் வெளியே சுற்றவும் அதே உடுப்புகள் உதவ வேண்டும். பளபளப்பும் பெரிய பெரிய எழுத்தும் எனக்குப் பிடிக்காது. அடக்கமாக, பத்து வருடம் கழித்துப் போட்டாலும் பழசாகத் தெரியாத மாதிரி வேண்டும். எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது? எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்குமா?”

அடங்கும். ஆனால் ஊரில் குளிர் உடை என்று விற்கிற தடித்த ஜாக்கெட்டை மட்டும் இப்போது வாங்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஜனவரி மாதம் பகலில் 7 டிகிரி, இரவில் 1 டிகிரி அளவில்தான் இருக்கும். கனடா மாதிரி உறையும் குளிர் இல்லை. அங்கே வாட்டுவது காற்றும் ஈரமும். டிசம்பர் கடைசியில் மாலை 3.40க்கே இருட்டிவிடும், மழை சாய்வாக அடிக்கும், குடை மடங்கிப் போகும். ஆபீசுக்குள் நுழைந்தால் ஹீட்டர் போட்டு 20 டிகிரி. ஆகவே ஒரே ஒரு தடித்த உடுப்பு வெளியே போதாது, உள்ளே புழுங்கும். மெல்லியதாக மூன்று அடுக்கு (உள்சட்டை, ஸ்வெட்டர், கோட்டு) போட்டால் வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

மூன்றில் முக்கியமானது உடம்பை ஒட்டியிருக்கும் அடுக்கு. நம் பக்கத்துப் பருத்தி பனியன் வெயிலுக்கு எவ்வளவு நல்லதோ, எடின்பரோவில் அவ்வளவு கெடுதல். வேகமாக நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றதும், வியர்வையை உறிஞ்சிய பருத்தி ஈரத்துணி போல முதுகில் ஒட்டிக்கொள்ளும். முதல் குளிர்காலத்தில் நான் உள்ளே போட்டிருந்தது எல்லாம் பருத்திதான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. குத்துமே என்று பயப்படாதீர்கள். குத்துவது தடித்த இழை. மெரினோ என்ற ஆட்டு வகையின் நல்ல கம்பளி இழை 20 மைக்ரானுக்கும் மெல்லியது, நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உள்ளே போட மெரினோ மேல்சட்டை மூன்று, ஒட்டிய கால்சட்டை இரண்டு போதும். துர்நாற்றம் சீக்கிரம் பிடிக்காது, இரவு காற்றாட விரித்துப் போட்டு மறுபடி போடலாம்.

குறைந்த உடுப்புகளை மாற்றி மாற்றிப் போடும் இந்த முறையை ‘கேப்சூல் வார்ட்ரோப்’ என்கிறார்கள். 1985இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளர் டோனா கரன் ஏழு உடுப்புகளை வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதற்கும் அடிப்படை உடம்பை ஒட்டிய ஒரு கறுப்பு உடைதான். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறி இறங்கும். நீங்களும் அப்படியே யோசியுங்கள். நிறத்தில் கண்டிப்பாக இருங்கள்: கருநீலம், சாம்பல், வெண்ணெய் நிறம். இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்தாலும் ஒத்துப்போகும், நம் நிறத்துக்கும் எடுப்பாக இருக்கும். கறுப்பை நான் சொல்லமாட்டேன். நாலு மணிக்கே இருட்டும் ஊரில் அது முகத்தை வாட்டமாகக் காட்டும். ஆசைக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் சால்வையில் வையுங்கள். அரக்கு நிறம் நன்றாக இருக்கும்.

ஈரோட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பேன்ட். நல்ல தையல்காரர் பக்கத்திலேயே இருக்கிறார், எடின்பரோவில் கால் மடித்துத் தைக்கவே பேன்ட் விலையில் பாதி கேட்பார்கள். ஆண்களுக்கான சூட்டிங் துணி விற்கும் கடையில் கம்பளி கலந்த துணி கேளுங்கள். லேபிளில் கம்பளி பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். அடர்சாம்பலில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, நேர்கால் வெட்டு. அளவு கொடுக்கும்போது உள்ளே ஒரு லெகிங்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். இடுப்பில் அரை அங்குலம், தொடையில் ஒரு அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். முழங்கால் வரை லைனிங் வைத்தால் துணி தொளதொளக்காது. இந்த இரண்டும், வீட்டில் இருக்கும் ஒரு ஜீன்ஸும் போதும். சுடிதார் கொண்டுபோக ஆசையா? நீளக்கை வைத்த இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே மெரினோ போட்டால் நன்றாகவே உதவும்.

நல்ல கம்பளிச் சால்வையும் ஊரிலேயே கிடைக்கும். பாஷ்மினா (ஒருவகை ஆட்டின் மென்மையான ரோமத்தில் நெய்த சால்வை) என்று இருநூறு ரூபாய்க்கு விற்பது பாஷ்மினா அல்ல. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக், பாலியஸ்டர் என்றால் உருகி, கெட்டியான மணியாகத் திரளும்.

கோட்டையும் பூட்ஸையும் எடின்பரோ போய் வாங்குங்கள். செப்டம்பரில் பகலில் பதினாறு, பதினேழு டிகிரி வரை இருக்கும், அவசரம் இல்லை. ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில் சாரிட்டி கடைகள் (தொண்டு நிறுவனங்கள் பழைய பொருள் விற்கும் கடைகள்) வரிசையாக இருக்கின்றன. மற்றவர்கள் கொடுத்த நல்ல கம்பளிக் கோட்டும், ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பின்னிய காஷ்மியர் (மென்மையான ஆட்டு ரோமம்) ஸ்வெட்டரும் அங்கே சில சமயம் மாட்டும். பழசு வாங்கக் கூச்சப்பட வேண்டாம், இருபது வருடத்துக்கு முந்தைய கோட்டின் துணி பெரும்பாலும் இன்றையதைவிடக் கனமாகவே இருக்கும். உள்ளே உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரை இருந்தால் அது ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணி. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் அங்குள்ளவர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்த துணிக்கு மட்டுமே அந்தப் பெயர்.

கோட்டைப் பார்க்கும்போது ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்திலோ, ஒரு விரல்கடை தள்ளியோ விழ வேண்டும். இரண்டு கையையும் முன்னே நீட்டுங்கள், பஸ் கம்பியைப் பிடிப்பது போல. முதுகு இழுத்தால் அந்தக் கோட்டு வேண்டாம். நீளம் முழங்காலுக்குக் கீழே வரட்டும். லேபிளில் கம்பளி 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், மீதி நைலான் இருந்தால் பரவாயில்லை, உழைக்கும். துணியை ஒரு கைப்பிடி அழுத்திக் கசக்கி விடுங்கள், சுருக்கம் தானாகத் தளர்ந்தால் நல்ல துணி. அப்புறம், புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி நூல் போட்டிருப்பார்கள். அது கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். பலர் அதோடே வருடக்கணக்கில் நடக்கிறார்கள்.

மழைக்குத் தொப்பி வைத்த, காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று தனியாக வேண்டும். பூட்ஸ் தோலில், கணுக்கால் உயரத்தில், அடியில் ரப்பர் பிடிமானத்தோடு இருக்கட்டும். தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். ஸ்வெட்டர் மூன்று, கையுறை, குல்லாய், சாக்ஸ் நாலு ஜோடி. கணக்கு முடிந்தது.

ஸ்வெட்டரை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோளில் முட்டு விழும், மடித்தே வையுங்கள். துவைப்பது இளஞ்சூட்டுத் தண்ணீரில், கம்பளிக்கான சோப்பில். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். மே மாதம் எடுத்துவைக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள். அந்துப்பூச்சியின் புழு முதலில் தேடிப்போவது வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளியைத்தான்.