நகர்மன்றத் தேர்தலில் வெளிப்பணம்: கேள்வி பதில்

அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழர்கள், உள்ளூர்த் தேர்தல் நிதி குறித்து அனுப்பிய கேள்விகளும், கலிபோர்னியாவில் நகர்மன்ற வேட்பாளர்களுக்குப் பரப்புரைக் கணக்கு எழுதிவரும் நம் உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்களும்.

ஃப்ரீமான்ட் வாசகர்: நாங்கள் ஆதரிக்கும் வேட்பாளரைத் தாக்கி வாரம் தவறாமல் வண்ண அட்டைகள் அஞ்சலில் வருகின்றன. அனுப்பும் குழுவின் பெயரை இந்த ஊரில் எவரும் கேள்விப்பட்டதில்லை. பணம் யாருடையது என்று அறிவது எப்படி?

பதில்: முதலில் அட்டையைத் திருப்பி, முகவரிப் பக்கத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். வேட்பாளரைச் சாராமல் தனியே செலவிடும் குழு, கலிபோர்னியாவில் தன் விளம்பரத்தில் தன் பெயரையும், 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களில் முதல் மூவரின் பெயரையும் அச்சிட வேண்டும். அடுத்து நகர எழுத்தரின் இணையதளத்துக்குச் செல்லுங்கள். தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் அத்தகைய குழு 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் செலவிட்டால், 24 மணி நேரத்துக்குள் 496 என்ற படிவத்தில் தெரிவித்தாக வேண்டும். முழுக் கணக்கு 460 என்ற படிவத்தில் இருக்கும். அதன் ‘ஏ’ அட்டவணையில் 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொழில், பணியிடம் ஆகியவை வரிசையாக இருக்கும். அங்கே ஆட்களின் பெயர்களுக்குப் பதில் வேறொரு குழுவின் பெயர் இருந்தால் சலிப்படையாமல் அந்தக் குழுவின் 460-ஐத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று படிகள் ஏறினால் பெரும்பாலும் ஒரு நிறுவனமோ சங்கமோ செல்வந்தரோ தென்படுவார். கொடுத்தவர் பெயரை வெளியிடாத இலாப நோக்கற்ற அமைப்பு என்ற இடத்தில் வழி முடிந்துவிட்டால் மட்டுமே அதை மறைக்கப்பட்ட பணம் என்று சொல்லலாம்.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் நடந்த 2014 தேர்தலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் மக்கள்தொகை கொண்ட ஊர் அது. அங்குள்ள செவ்ரான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஆகஸ்டில் தீ விபத்து ஏற்பட்டு, ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். மறு ஆண்டு நகர நிர்வாகம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. அதற்கடுத்து வந்த மேயர், நகர்மன்றத் தேர்தலில் செவ்ரான் ஏறத்தாழ 30 லட்சம் டாலரை இறக்கியது. செலவிட்ட குழுவுக்கு ‘மூவிங் ஃபார்வர்ட்’ என்று பெயர். தொழிற்சங்கங்கள், சிறு வணிகர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரின் கூட்டணி என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாலும், பெரும் நிதி செவ்ரானுடையது என்ற வரியையும் அதே அட்டையில் அச்சிட வேண்டியிருந்தது. அந்தப் பணம் ஆதரித்த மேயர் வேட்பாளர் தோற்றார், டாம் பட் வென்றார். பணம் யாருடையது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

சான் ஹோசே வாசகர்: நான் எச்-1பி விசாவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இங்கு வரி கட்டி வருகிறேன். என் பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தின் பள்ளி வாரிய வேட்பாளருக்கு 50 டாலர் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. குடியுரிமையோ க்ரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர் தேர்தலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் தடை, குடியரசுத் தலைவர் தேர்தல் முதல் உங்கள் ஊர்ப் பள்ளி வாரியம் வரை அனைத்துக்கும் பொருந்தும். தொகை சிறிது என்பதோ வரி கட்டுகிறோம் என்பதோ அங்கே எடுபடாது. நியூயார்க்கில் தற்காலிக விசாவில் இருந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் இதே நியாயத்தைச் சொல்லித் தொடுத்த புளூமன் வழக்கு 2011-இல் தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. க்ரீன் கார்டு பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. நீங்கள் ஊதியம் பெறாமல் தொண்டு செய்யலாம். வீடு வீடாகச் செல்லலாம், தொலைபேசியில் பேசலாம். ஆனால் பரப்புரைப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கக் கூடாது. ஆகவே நண்பர் பொருளாளராக இருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன். குடியுரிமை பெற்ற நண்பரிடம் பணத்தைக் கொடுத்து அவர் பெயரில் செலுத்தச் சொல்வது, நீங்களே கொடுப்பதைவிடப் பெரிய சிக்கல். ஒரு குற்றம் அங்கே இரண்டாகிறது. நண்பரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

ஆஸ்டின் வாசகர்: தொகுதிக்கு வெளியே இருப்பவர் பணம் தரக் கூடாது என்று நகரமே ஒரு விதி போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?

பதில்: முயன்றிருக்கிறார்கள். ஆரெகன் மாநில வாக்காளர்கள் 1994-இல், வேட்பாளர் பெறும் நிதியில் தொகுதிக்கு வெளியிலிருந்து வருவது பத்து விழுக்காட்டைத் தாண்டினால் தண்டனை என்று விதித்தனர். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. வெளிமாநிலத்தவர் தரும் தொகைக்கு அலாஸ்கா வைத்த உச்சவரம்பும் 2021-இல் விழுந்தது. ஊழலையோ ஊழலின் தோற்றத்தையோ தடுப்பதற்காக மட்டுமே நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம் என்பதே 1976-இன் பக்லி தீர்ப்பிலிருந்து வளர்ந்த நிலைப்பாடு. வெளியூர்க்காரரின் 100 டாலர் உள்ளூர்க்காரரின் 100 டாலரைவிட அதிக ஊழலுக்கு வழிவகுக்கும் என்று மெய்ப்பிப்பது கடினம். உங்கள் ஆஸ்டின் நகரச் சாசனத்திலேயே, நகர எல்லைக்குட்பட்ட அஞ்சல் குறியீடுகளில் வாழும் வாக்காளர்கள் அல்லாதோரிடமிருந்து வேட்பாளர் பெறும் மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. அதை எதிர்த்து அப்போதைய நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, அந்தப் பகுதியைக் கேள்விக்குள்ளாக்க அவருக்குத் தகுதியில்லை என்று நீதிமன்றம் ஒதுக்கியதால், அதன் செல்லுபடி குறித்துத் தீர்ப்பு வரவில்லை.

இவையெல்லாம் வேட்பாளரின் கைக்குச் செல்லும் பணத்தைப் பற்றியவை. வேட்பாளருடன் கலந்தாலோசிக்காமல் வெளியே செலவிடும் குழுக்களுக்கு, 2010-இன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்கும் அதே ஆண்டின் ஸ்பீச்நவ் தீர்ப்புக்கும் பிறகு வரம்பு என்று எதுவும் இல்லை.

சியாட்டில் வாசகர்: அமேசானைத் திட்டுகிறவர்கள், நம் க்ஷமா சாவந்துக்கு வெளியூர்களிலிருந்து குவிந்த பணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லையே, ஏன்?

பதில்: நான் திறக்கிறேன். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சியாட்டில் நகர்மன்ற உறுப்பினராக இருந்த சாவந்தின் தேர்தல்களில், அவரது நிதியில் கணிசமான பகுதி சியாட்டிலுக்கு வெளியிலிருந்து வந்தது உண்மை. அதை எதிரணியினர் சுட்டிக்காட்டியதும் முறையானதே. ஆனால் 2019-இல் அவருக்கு ஒருவர் அதிகபட்சம் 500 டாலர்தான் தர முடியும், 25 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர் பட்டியலில் ஏறும். அதே தேர்தலில் அமேசான், சியாட்டில் வணிகக் கழகத்தின் தேர்தல் நிதிக் குழுவுக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் 10 லட்சம் வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தபோது வந்தது. ஏழு இடங்களில் அந்தக் குழு ஆதரித்தவர்கள் இரண்டில் மட்டுமே வென்றனர். சாவந்தும் தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

பெல்வியூ வாசகர்: தாங்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறீர்கள். அமேசான் சியாட்டில் நிறுவனம். அங்கே பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறது, வரி கட்டுகிறது. வெளியாள் யார்?

பதில்: நியாயமான மறுப்பு. செவ்ரானின் ஆலையும் ரிச்மண்டுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் பணம் எங்கே வசிக்கிறது என்பதைவிட, ஒரே கையிலிருந்து எவ்வளவு வருகிறது, அந்தக் கைக்கு நகர்மன்றத்திடம் என்ன வேண்டும் என்ற இரண்டையும் நான் முதலில் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் செலுத்த வேண்டும் என்ற வரியை சியாட்டில் மன்றம் 2018 மே மாதம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதமே திரும்பப் பெற்றது. அந்த வரி மீண்டும் வருமா என்ற கேள்வி 2019 தேர்தலில் நின்றுகொண்டிருந்தது.

பெல்வியூ வாசகர் (மீண்டும்): இடதுசாரிச் செல்வந்தர்களும் இதையே செய்கிறார்களே?

பதில்: செய்கிறார்கள். 2017-இல் பிலடெல்பியா மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில், லாரி கிராஸ்னரை ஆதரித்த குழுவுக்கு ஜார்ஜ் சோரோஸ் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார், கிராஸ்னர் வென்றார். என் அளவுகோலை அங்கும் வைக்கிறேன். இவ்விவாதத்தைப் பற்றி மேலும் பதினோரு கேள்விகள் வந்துள்ளன. பாதிக்கு மேல் சாவந்தின் கொள்கையைப் பற்றியவை. அவற்றை வேறிடத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

கர்க்லாண்ட் வாசகர்: சியாட்டிலில் வாழும் என் தங்கைக்கு க்ரீன் கார்டு உண்டு, வாக்குரிமை இல்லை. அவர் எவ்வகையிலும் பங்கேற்க இயலாதா?

பதில்: இயலும், இதைக் கேட்டதற்கு நன்றி. சியாட்டில் வாக்காளர்கள் 2015-இல் ஏற்ற திட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு நகரவாசிக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு ‘ஜனநாயகச் சீட்டுகள்’ கிடைக்கின்றன. அவற்றைத் திட்டத்தில் சேர்ந்துள்ள வேட்பாளருக்குக் கொடுக்கலாம். சொத்துவரியிலிருந்து நகரம் பணம் தரும். 18 வயது நிறைந்த க்ரீன் கார்டுக்காரரும் விண்ணப்பித்துப் பெறலாம். பதிவுசெய்த வாக்காளருக்குத் தானாக வரும் சீட்டு அவருக்கு வராது என்பதால் விண்ணப்பம் அவசியம்.

குயின்ஸ் வாசகர்: நியூயார்க்கில் சிறு நன்கொடைக்கு எட்டு மடங்கு தருகிறார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. நகர அரசு தன் நிதியிலிருந்து வேட்பாளருக்குத் தருகிறது. நகரவாசி தரும் தொகைக்கே இது பொருந்தும். மேயர் வேட்பாளருக்கு ஒருவரிடமிருந்து 250 டாலர் வரை, மன்ற வேட்பாளருக்கு 175 டாலர் வரை. திட்டத்தில் சேர்பவர் செலவு வரம்பை ஏற்க வேண்டும். 2025 மேயர் முதல்நிலைத் தேர்தலில், வரம்பை எட்டப்போகும் அளவுக்கு நிதி சேர்ந்துவிட்டதால் ஸோரான் மம்தானி மார்ச் மாதமே நன்கொடையை நிறுத்தும்படி ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். எதிரே முன்னாள் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ கோமோவை ஆதரித்த ‘ஃபிக்ஸ் தி சிட்டி’ குழுவுக்கு மைக்கேல் புளூம்பெர்க் ஒருவர் மட்டும் 83 லட்சம் டாலர் கொடுத்தார். வென்றவர் மம்தானி. இதைக் கொண்டு பணத்துக்கு வலிமையில்லை என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். செய்தியாளர்கள் குவியும் தேர்தல் இது. வேட்பாளர் யாரென்றே தெரியாமல் மக்கள் வாக்களிக்கும் பள்ளி வாரியத்திலும் நீர் வாரியத்திலும் நான்கு அட்டைகள் போதும்.

டாலஸ் வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். 20 டாலர்தான்...

பதில்: மேலே சான் ஹோசே வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நேப்பர்வில் வாசகர்: எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு வேட்பாளருக்கு நிதி திரட்டித் தரலாமா?

பதில்: உங்கள் சங்கம் 501(சி)(3) வரிவிலக்குப் பெற்றது என்றால் வேண்டாம். அத்தகைய அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்துப் பேசவைக்கலாம். தலைவர் தம் வீட்டில், தம் பெயரில் கூட்டம் நடத்துவது வேறு. அதற்குச் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைப் பயன்படுத்தக் கூடாது.

கோயம்புத்தூர் வாசகர்: தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளருக்கான செலவு வரம்பு எவ்வளவு?

பதில்: மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். என் துறை அன்று.

கூப்பர்டினோ வாசகர்: நானும் மனைவியும் குடியுரிமை பெற்றவர்கள். எங்கள் நகரம் தனி வரம்பு வைக்காததால் மாநில வரம்பான 5,900 டாலரை இருவரும் கொடுத்துவிட்டோம். பன்னிரண்டு வயது மகன் பெயரிலும் கொடுக்கலாமா?

பதில்: பதினெட்டு நிறையாத பிள்ளையின் நன்கொடையைப் பெற்றோர் கொடுத்ததாகவே கலிபோர்னியச் சட்டம் கருதும், அதாவது நீங்கள் வரம்பை மீறியவர் ஆவீர்கள். எதிரணியின் பொருளாளர் ‘ஏ’ அட்டவணையில் தொழில் என்ற கட்டத்தில் ‘மாணவர்’ என்பதைத்தான் முதலில் தேடுவார். நானும் அப்படித்தான் தேடுவேன். பிறர் பெயரில் கொடுக்காதீர்கள் என்று இன்று எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எண்ணவில்லை. மீதமுள்ள எச்-1பி கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் வராது.