பூங்காவுக்கு நிலம் கொடுத்தவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் அனைத்தும் தொடக்கத்திலிருந்தே அரசு நிலத்தில் அமைந்தவைதாமா? தனியாரிடமிருந்து நிலம் வாங்க நேர்ந்ததுண்டா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மேற்குப் பகுதிக்கு ஒரு வரலாறு, கிழக்குப் பகுதிக்கு வேறொரு வரலாறு. 1872ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அந்த நிலம் மத்திய அரசின் கணக்கில்தான் இருந்தது. ஆகவே எவருக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விலை கொடுக்கவில்லை என்பதால் எவரும் எதையும் இழக்கவில்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. ஷோஷோனி, பானக், குரோ போன்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த மண் அது.

கிழக்கே நிலைமை முற்றிலும் வேறு. அங்கிருந்த மலைகள் காலனிக் காலம் தொட்டே தனியார் நிலங்களாகக் கூறுபோடப்பட்டிருந்தன. 1926இல் ஷெனான்டோவா, கிரேட் ஸ்மோக்கி மலை ஆகிய இரு பூங்காக்களுக்கும் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆனால் நிலம் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. மாநிலங்களும் பொதுமக்களும் நிலத்தை வாங்கி நன்கொடையாகக் கொடுத்தால் மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. அந்த ‘நன்கொடை’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்மோக்கி மலைக்காக டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களும் தலா 20 லட்சம் டாலர் ஒதுக்கின. பொதுமக்களிடமும் நிதி திரட்டப்பட்டது. பள்ளிக் குழந்தைகள்கூடத் தங்கள் சில்லறைக் காசுகளைக் கொடுத்தார்கள். அப்படியும் பற்றாமல் போனபோது, பெருஞ்செல்வந்தரான ஜான் டி. ராக்பெல்லர் (இளையவர்) தம் தாயாரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையிலிருந்து 50 லட்சம் டாலர் வழங்கச் செய்தார். பரப்பளவில் பெரும்பகுதி மரம் வெட்டும் நிறுவனங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. மனைகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலோ ஆறாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை சிறு விவசாயிகளுடையவையும் எளிய குடும்பங்களுடையவையும் ஆகும். நிறுவனங்கள் விலைக்காகப் பேரம் பேசின, வழக்காடின. விவசாயிகளுக்கோ தாத்தா நட்ட ஆப்பிள் மரத்துக்கும், தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்கும் எப்படி விலை சொல்வது என்றே தெரியவில்லை. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜான் ஆலிவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி, இறுதியில் தோற்றார். குறைந்த விலையை ஏற்றுக்கொண்டு ஆயுள் முழுவதும் அங்கேயே குடியிருக்கும் உரிமையைச் சிலர் பெற்றனர்; ஆனால் மரம் வெட்டவும் வேட்டையாடவும் அவர்களுக்குத் தடை இருந்தது.

கேள்வி: விற்க மறுத்தவர்களை என்ன செய்தார்கள்? சட்டம் அதற்கு இடம் தருகிறதா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: இடம் தருகிறது. நியாயமான இழப்பீடு இன்றித் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். இழப்பீடு கொடுத்தால் எடுக்கலாம் என்பது அதன் மறுபக்கம். அந்நாட்டு உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பாதுகாப்பதும் பொதுப் பயனே என்று 1896இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

இந்த அதிகாரம் எவ்வளவு கடுமையாகப் பயன்படக்கூடும் என்பதை வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனான்டோவாவில் காணலாம். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனி வழக்கு நடத்துவதே வழக்கமாக இருந்த நிலையில், ஒரு மாவட்டத்தில் தேவைப்படும் நிலம் முழுவதையும் ஒரே வழக்கில் கையகப்படுத்த வழிசெய்யும் சட்டத்தை 1928இல் அம்மாநிலம் இயற்றியது. எட்டு மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் இவ்வாறு எடுக்கப்பட்டன. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. குத்தகைக்கும் வாடகைக்கும் குடியிருந்தவர்களுக்கு நிலத்தின் பேரில் எதுவும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 500 குடும்பங்கள் மலையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. மத்திய அரசுக்குக் கொடுப்பதற்காக ஒரு மாநிலம் தன் குடிமக்களின் நிலத்தை எடுக்கலாமா என்று கேட்டு ஒரு நில உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவருடைய முறையீடு 1935இல் தள்ளுபடியானது. அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பூங்கா உருவாயிற்று. முதியவர்கள் சிலர் மட்டும் இறுதிவரை வாழ அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த மூதாட்டி 1979இல் மறைந்தார்.

அரசு ஆவணங்களின்படி இந்த நிலம் முழுவதும் வர்ஜீனியா மாநிலம் நாட்டுக்கு அளித்த நன்கொடை. கையெழுத்திட்டது மாநிலம்தான், ஆயினும் வீட்டைப் பூட்டி வெளியேறியவர்களைத்தான் நான் கொடுத்தவர்களாகக் கருதுகிறேன். அந்தக் காடுகள் இன்று மீண்டும் செழித்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. அதற்காக அவர்களுடைய பெயரைக் கணக்கிலிருந்து விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: ராக்பெல்லர் தம் பெயரை மறைத்து நிலம் வாங்கினார் என்று படித்தேன். அது முறைதானா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அது வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீடன் மலையடிவாரத்தில் நடந்தது. 1926இல் அங்கு சென்ற ராக்பெல்லர், பள்ளத்தாக்கில் விளம்பரப் பலகைகளும் ஒழுங்கற்ற கட்டடங்களும் பெருகுவதைக் கண்டு வருந்தி, ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரில் நிலம் வாங்க ஏற்பாடு செய்தார். வாங்குபவர் யார் என்பது தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதே பெயரை மறைத்ததற்குக் காரணம். ஏறத்தாழ 35,000 ஏக்கர், சுமார் 14 லட்சம் டாலருக்குச் சேர்ந்தது.

கட்டாயம் எதுவும் இல்லை. விற்க விரும்பியவர்களே விற்றார்கள். 1933இல் செனட் குழு விசாரித்தபோதும் சட்டமீறல் எதுவும் புலப்படவில்லை. அந்த வகையில் ஷெனான்டோவாவைவிட இது நேரிய வழி என்பதே என் கருத்து. எனினும் உண்மை வெளிவந்தபின் உள்ளூர் மக்களின் நம்பிக்கை உடைந்தது. 1943இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அப்பகுதியைத் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலப்பகுதியாக, அறிவித்ததும், அதை நீக்க நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. அவர் தம் மறுப்பு அதிகாரத்தால் அச்சட்டத்தைத் தடுத்தார். 1950இல்தான் எல்லாம் ஒரே பூங்காவாக இணைந்தது. அப்போதும், மாவட்டம் இழக்கும் வரிக்கு ஈடு தருவதாகவும், ஏற்கெனவே இருந்த மேய்ச்சல் உரிமைகள் தொடரும் என்றும் உறுதியளித்த பின்னரே அது கைகூடியது. முதலிலேயே அமர்ந்து பேசியிருந்தால் விலை கூடியிருக்கும். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பகை தவிர்ந்திருக்கும்.

கேள்வி: இக்காலத்தில் நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது?
– சேலம் வாசகி

பதில்: 1964இல் சட்டமாக்கப்பட்ட நில நீர்ப் பாதுகாப்பு நிதியே முதன்மையான ஊற்று. கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையிலிருந்து அது நிரம்புகிறது. ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. முழுத்தொகையும் ஆண்டுதோறும் கிடைக்க 2020இல்தான் வழி பிறந்தது.

தாமதத்தின் விலையை அறிய மீண்டும் கிராண்ட் டீடனுக்கே செல்லலாம். பூங்காவின் எல்லைக்குள் 640 ஏக்கர் நிலம் வயோமிங் மாநிலத்தின் பள்ளிகளுக்கு வருவாய் ஈட்டித் தரவேண்டிய சொத்தாக நீடித்தது. பிராங்ஹார்ன் மான்கள் வலசை செல்லும் வழி அது. ஏலத்துக்குப் போய்விடுமோ, மாளிகைகள் எழுந்துவிடுமோ என்ற அச்சத்துக்குப் பின், 2024 டிசம்பரில் 10 கோடி டாலருக்கு அந்நிலம் பூங்காவுக்குக் கிரயமானது. மேற்சொன்ன நிதி 6 கோடியே 24 லட்சத்தையும், நன்கொடையாளர்கள் மீதி 3 கோடியே 76 லட்சத்தையும் கொடுத்தனர். விற்ற பணம் அம்மாநிலப் பள்ளிகளின் நிதியில் சேர்ந்தது.