கன்றைக் கொன்றது யார்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, எங்கள் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்கள் புகுந்து குதறிவிட்டுப் போவது வாடிக்கையாகிவிட்டது. நாய்க்கே நாங்கள் இந்தப் பாடு படுகிறோம். அமெரிக்காவில் ஓநாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, மாட்டுப் பண்ணைகள் இருக்கிற பக்கமாகப் பார்த்து விட்டார்களாமே? பண்ணைக்காரர்கள் எப்படிச் சும்மா இருக்கிறார்கள்? (ஆர்.எம்., காங்கேயம்)

பதில்: சும்மா எங்கே இருக்கிறார்கள்! முப்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-லேயே ஓநாய்களைத் தீர்த்துக் கட்டிவிட்டார்கள், அதுவும் அரசாங்க ஆட்களே. அப்புறம் 1995, 96 என்று இரண்டு குளிர்காலத்தில் கனடாவில் பிடித்த 31 ஓநாய்களை அதே பூங்காவில் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் இன்னும் 35. பூங்காவின் எல்லை நமக்குத்தான் எல்லை, ஓநாய்க்கு இல்லையே. பூங்காவைத் தாண்டி மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் மற்றப் பகுதிகளுக்கும் பரவிவிட்டன. தாத்தா காலத்தில் விஷம் வைத்துக் கொன்ற மிருகத்தைப் பேரன் காலத்தில் அதே அரசாங்கம் கூண்டில் கொண்டுவந்து இறக்குகிறது என்றால் அந்தப் பேரனுக்கு எப்படி இருக்கும்?

கொலராடோ மாநிலத்துக் கதை இன்னும் காரமானது. அங்கே 2020 நவம்பரில் ஓநாய் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 51 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதில் பெரும்பங்கு டென்வர், போல்டர் போன்ற நகரத்துக்காரர்களின் ஓட்டு. ஓநாய் போய் இறங்கியதோ மலைக்கு மேற்கே, ‘வேண்டாம்’ என்று சொன்னவர்கள் அதிகம் உள்ள பக்கத்தில். 2023 டிசம்பரில் ஓரிகனிலிருந்து பத்து ஓநாய்கள் வந்தன. 2024 ஏப்ரலிலேயே அங்கே கிராண்ட் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒரு கன்று போய்விட்டது. அங்கத்திய பண்ணைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் ஓநாயைத் திட்டுவதைவிட ஓட்டுப் போட்டவரைத் திட்டுவதுதான் அதிகம் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: செத்த மாட்டுக்குத்தான் இழப்பீடு தருகிறார்களே, அப்புறமும் ஏன் புலம்பல்? (அதே வாசகர், இரண்டாவது கேள்வி)

பதில்: தருகிறார்கள். 1987-லேயே ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப்’ என்ற அமைப்பு நன்கொடைப் பணத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தது, இப்போது மாநில அரசுகள் கொடுக்கின்றன. கொலராடோவில் ஓர் உருப்படிக்கு அதிகபட்சம் 15,000 டாலர் வரைக்கும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓநாய்தான் கொன்றது என்று நிரூபிக்க வேண்டுமே!

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஜூன் வாக்கில் மாடுகளை மலைக்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள். நம் ஊர் போல மாலையானால் தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு இல்லை, பல மைல் பரப்பில் சிதறிக் கிடக்கும். எங்கோ ஒரு புதருக்குள் கன்று செத்துக் கிடந்தால் அண்டங்காக்கை வட்டமிடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடனே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அதிகாரிக்குச் சொல்வார்கள். அவர் வந்து தோலை உரித்துப் பார்ப்பார். தோலுக்கு அடியில், பல் இறங்கிய இடத்தில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே கடிபட்டது என்று அர்த்தம். ரத்தக் கட்டு இல்லையென்றால் வேறு எதனாலோ செத்ததை ஓநாய் வந்து தின்றிருக்கிறது, அவ்வளவுதான், காசு கிடையாது. இரண்டு நாள் தாமதமானாலே கரடியும், நரி மாதிரியான கொயோட்டும் தின்றது போக எலும்பும் வாலும்தான் மிஞ்சும், அதில் எந்தத் தோலை உரிப்பது? ஐடஹோவில் நடந்த ஓர் ஆய்வில், ஓநாய் கொன்றதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கன்றுக்குக் கண்ணில் படாமலே போனவை எட்டு வரை இருக்கலாம் என்று கணக்கு வந்தது. இதை மனதில் வைத்துத்தான் வயோமிங்கின் சில பகுதிகளில், நிரூபணமான ஒரு கன்றுக்கு ஏழு மடங்கு வரை கொடுக்கிறார்கள்.

செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், பிழைத்ததும் இளைத்துப் போகிறது. ஓநாய் கன்றை அடித்த பண்ணைகளில் மற்ற கன்றுகளும் சராசரியாக 22 பவுண்டு, அதாவது 10 கிலோ, எடை குறைந்திருந்ததாக மொன்டானாவில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பயந்த மாடு நிம்மதியாக மேயாது. இலையுதிர்காலத்தில் கன்றை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். முந்நூறு கன்று வைத்திருப்பவருக்கு 10 கிலோ என்றால் மொத்தம் 3,000 கிலோ. இதற்கு எந்த அதிகாரி வந்து தோலை உரித்துப் பார்ப்பார்?

இப்படி மனம் வெறுத்தவர்கள் நடுவே அங்கே ஒரு சொலவடையே உண்டு: சுடு, புதை, வாயை மூடு.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மலைப்பனி, நோய், பிரசவக் கோளாறு இவற்றில் சாகிற மாடுகளோடு ஒப்பிட்டால் ஓநாய் கொல்வது மிகக் குறைவு. பல பண்ணைகளுக்கு ஒன்றுமே நடக்காது, ஒருசில பண்ணைகள் மட்டும் திரும்பத் திரும்ப அடி வாங்கும். அப்புறம், அந்த மேய்ச்சல் காட்டில் பெரும்பகுதி பண்ணைக்காரருடையதும் இல்லை, மத்திய அரசின் பொது நிலம். ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய 2019-லிருந்து 2025 வரை கட்டணம் 1.35 டாலர்தான். பொது நிலத்தில் சல்லிசாக மேய்த்துக்கொண்டு அங்கே காட்டு மிருகமே இருக்கக்கூடாது என்றால், அதை டென்வர்க்காரர் எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும்?

கேள்வி: அனுசரித்துப் போகிறவர்களே கிடையாதா? (எஸ்.வி., தாராபுரம்)

பதில்: உண்டு. மொன்டானாவில் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கு என்று ஒன்று, அங்கே ஓநாயோடு கிரிஸ்லி கரடியும் சேர்ந்து தொல்லை. பண்ணைக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து 1993-ல் ‘பிளாக்ஃபுட் சேலஞ்ச்’ என்று ஓர் அமைப்பை வைத்துக்கொண்டார்கள். கன்று ஈனும் பருவத்தில் செத்த மாடுகளைப் பண்ணை பண்ணையாக வண்டி போய் அள்ளிக்கொண்டு வந்துவிடும், வாசனைக்குக் கரடி வராது. மேய்ச்சல் காலத்தில் மந்தையைச் சுற்றி வர ஆள் போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கும் ஓநாய் மீது பாசமெல்லாம் பொங்கி வழியவில்லை. எப்படியும் இருக்கத்தான் போகிறது, நாமே உட்கார்ந்து பேசி ஒரு வழி பண்ணுவோம் என்கிற கணக்குதான். கொலராடோவில் வராத இணக்கம் இங்கே வந்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: யோசனை வெளியிலிருந்து வந்து இறங்கவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. கன்றுகள் இருக்கிற பட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணித் துண்டுகளைத் தொங்கவிடுவார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஓநாய் வேட்டைக்குப் பயன்பட்ட பழைய முறை. காற்றில் துணி படபடக்கும்போது ஓநாய் தாண்டி வரத் தயங்கும். ஓரிரு மாதம்தான், அப்புறம் பழகிவிடும், அதனால் சிலர் கயிற்றில் மின்சாரமும் விடுகிறார்கள்.

காங்கேயத்து வாசகர் உடனே கயிறு வாங்கப் போக வேண்டாம். நம் ஊர்த் தெருநாய் கட்சிக்கொடித் தோரணத்துக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தது, துணியைப் பார்த்தெல்லாம் பயப்படாது.