வாசகர் கேள்வி – பதில்: இயற்பியல் பட்டத்துக்குப் பிறகு

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் கைத்தறி நெசவு செய்யும் குடும்பம். என் மகள் வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறாள். உறவினர்கள் எல்லோரும் ‘பி.எட். சேர்த்துவிடுங்கள்’ என்கிறார்கள். அவளோ மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்கிறாள். இயற்பியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை இருக்க முடியும்? – ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: தங்கள் மகளின் விருப்பம் மிகச் சரியானது அம்மா. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையும் மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் இயங்க முடியாது. எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்று மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த அளவு கட்டியின் மீது மட்டும் விழுந்து, பக்கத்தில் உள்ள தண்டுவடத்தையும் நுரையீரலையும் இயன்றவரை தொடாமல் இருக்கும்படி கணக்கிட்டுத் திட்டமிடுவதும், இயந்திரம் அந்த அளவைத்தான் தருகிறதா என்று அளந்து பார்ப்பதும் இயற்பியலாளரின் பொறுப்பு.

அந்த வேலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் சொல்கிறேன். கதிர்வீச்சைத் தரும் இயந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டரைச் சோதிக்கும்போது, தண்ணீர்த் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், கதிர்வீச்சை அளக்கும், விரல் நுனி அளவுள்ள ஓர் அயனிக்கலத்தை வைத்து அளப்பார்கள். அதற்குள் இருப்பது வெறும் 0.6 கன சென்டிமீட்டர் காற்று. அது வெளிக்காற்றோடு தொடர்புடையது என்பதால், அறை சூடானால் உள்ளே இருக்கும் காற்றின் நிறை குறைந்து, கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 20 டிகிரியை அடிப்படையாக வைத்த கருவியை 25 டிகிரியில் பயன்படுத்தினால் பிழை ஏறத்தாழ 1.7 சதவீதம். ஆகவே வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்துத் திருத்தம் செய்த பிறகே அளவை எழுதுவார்கள். தங்கள் மகள் கல்லூரியில் படித்த வாயு விதிதான் அது. ஒரு நோயாளிக்குச் சேர வேண்டிய அளவு அங்கே அதை நம்பி இருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.எஸ்சி.க்குப் பிறகு நேரடியாக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் சேர்வது ஒன்று, வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. பொது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டு கதிரியல் இயற்பியல் பட்டயம் போன்ற ஒன்றைப் படிப்பது மற்றொன்று. எந்த வழியில் போனாலும் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் குறைந்தது 12 மாதப் பயிற்சி முடித்தால்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதியை ஏற்கும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். விண்ணப்பத் தேதிகளை இப்போதிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே டெக்னீசியன் படிப்பு வேறு, மருத்துவ இயற்பியல் வேறு. இரண்டும் ஒன்றே என்று சொல்லிச் சேர்க்கும் இடங்களில் பணம் கட்டிவிட வேண்டாம். என்னிடம் படித்த ஒரு மாணவி அப்படி ஒரு பயிற்சி நிலையத்தில் ஓராண்டை இழந்தாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பி.எட். தவறான வழி அல்ல. ஆனால் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகு பணியிடங்களுக்கான அறிவிப்பு என்று காத்திருப்பு நீளும். கற்பிக்கும் ஆசை உள்ளவர்கள் அதைத் தாங்குவார்கள். வேறு வழி தெரியாததால் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரும் பாரம்.

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். வீட்டுச் சூழலால் மேலே படிக்க முடியாது. ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகலாமா, அரசு வேலைக்கு முயலலாமா? – ஒரு வாசகர், வாலாஜாபேட்டை.

பதில்: இரண்டையும் சேர்த்தே செய்யலாம் தம்பி. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையையும் அதைச் சுற்றியுள்ள வார்ப்பு, பற்றவைப்புப் பட்டறைகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பற்றவைத்த இணைப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்பதைப் பொருளை உடைக்காமல் கண்டறியும் என்.டி.டி. சோதனை முழுக்க இயற்பியல்தான். மீயொலி எதிரொலி, காந்தத்துகள், காமாக் கதிர்ப் படம் எல்லாம் நீங்கள் படித்தவையே. காமாப் படத்துக்குப் பயன்படும் இரிடியம்-192இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 74 நாள். ஆகவே பொங்கலன்று பத்து நிமிடத்தில் எடுத்த படத்தை, அதே மூலத்தை வைத்துக்கொண்டு பங்குனி நடுவில் எடுக்க இருபது நிமிடம் ஆகும். இதைக் காரணம் தெரிந்து செய்பவருக்கும், அட்டவணையை மட்டும் பார்த்துச் செய்பவருக்கும் உள்ள வேறுபாட்டை மேற்பார்வையாளர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். என்.டி.டி.யில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வரை பெறுங்கள். கதிர்வீச்சோடு வேலை செய்யும்போது உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அளவுமானிப் பட்டை அணியாமல் ஒரு நாளும் உள்ளே போகாதீர்கள்.

அரசுப் பக்கத்தில் வயதுதான் முக்கியம். பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் பி.எஸ்சி. பட்டதாரிகளை உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாக எடுக்கின்றன. 60 சதவீத மதிப்பெண் வேண்டும், பொதுப் பிரிவில் வயது வரம்பு 24 என்றே அறிவிப்புகள் வந்திருக்கின்றன. விமான நிலைய ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு இளநிலை அதிகாரி பணிக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும், வயது 27 வரை. பலர் இதைப் பொறியாளர் வேலை என்று எண்ணி விண்ணப்பிப்பதே இல்லை. எழுத்துத் தேர்வோடு குரல் தேர்வும் உண்டு என்பதால் ஆங்கிலத்தைத் தெளிவாக, நிதானமாகப் பேசப் பழகுங்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: காவலூர் தொலைநோக்கியைப் பார்த்ததிலிருந்து வானியல் மீது ஆசை. அங்கே வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்? – ஒரு மாணவர், ஆலங்காயம்.

பதில்: ஜவ்வாது மலையில் நீங்கள் பார்த்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை 1986இல் சூட்டினார்கள். அந்த ஆய்வகத்தை நடத்துவது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் பி.எஸ்சி.க்குப் பின் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி நல்ல எம்.எஸ்சி.யும், அதன் பின் ஜெஸ்ட் (JEST) அல்லது நெட் (NET) தேர்வு வழியாக முனைவர் படிப்பும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டுக்குப் பாரமாக இல்லாமலே படிக்கலாம். கூடவே இரண்டாம் ஆண்டிலிருந்தே பைத்தான் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதப் பழகுங்கள். இன்றைய வானியலாளர் தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும் நேரத்தைவிட, அது பதிவு செய்த எண்களோடு கழிக்கும் நேரமே அதிகம். அந்தப் பழக்கம் வானியலில் இடம் கிடைக்காவிட்டாலும் மென்பொருள், தரவுப் பணிகளில் உங்களுக்குச் சோறு போடும்.