பிரஷர் மாத்திரைக்குப் பதில் சி.பி.டி. எண்ணெயா?

கேள்வி: வயது 58. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன், சாயங்காலமானால் கால் வீங்குகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய் பிரஷரைக் குறைக்கிறதாம், 1000 மி.கி. பாட்டில் ஒன்று அனுப்புகிறேன் என்கிறாள் கனடாவில் இருக்கும் மகள். மாத்திரையை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். மகள் சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அதன் மீதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2017-ல் வந்த இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், நோயில்லாத 9 ஆண்களுக்கு ஒரே வேளையில் 600 மி.கி. சி.பி.டி. கொடுத்தார்கள். மேல் பிரஷர் 6 புள்ளி குறைந்தது, இதயத்துடிப்பு கூடியது. பிறகு 26 ஆண்களுக்கு ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தபோது, ஓய்வில் எடுத்த பிரஷரில் முதல் நாள் கண்ட குறைவு ஏழாம் நாள் இல்லை. குரோஷியாவில் பிரஷர் உள்ளவர்களிடமே சில வாரங்கள் சோதித்ததில் சுமார் 5 புள்ளி குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் நாம் மாத்திரை சாப்பிடுவது பக்கவாதமும் மாரடைப்பும் வராமல் இருக்க. அதைத் தடுக்கும் என்று சி.பி.டி. இன்னும் காட்டவில்லை.

அளவையும் பாருங்கள். நாட்டிங்ஹாம் ஆய்வில் கொடுத்த 600 மி.கி. அளவுக்கு உங்கள் பாட்டில் இரண்டு வேளைக்குக்கூடக் காணாது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்தபோது 18-ல் போதை தரும் டி.எச்.சி. கலந்திருந்தது. அது இதயத்துடிப்பை ஏற்றும் சரக்கு. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு என்று 2001-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

இன்னொன்று, அம்லோடிபினைக் கரைக்கும் ஈரல் நொதியை சி.பி.டி. தடுக்கக்கூடும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் தேங்கி, கால் வீக்கம் கூடத்தான் வாய்ப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவு வரலாம். பார்சலும் வேண்டாம். கஞ்சாவின் பூவும் பிசினும் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை.

சரி, உங்கள் உண்மையான தொந்தரவு கால் வீக்கம். அது அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தோ, டெல்மிசார்டன் போன்ற மருந்தைச் சேர்த்தோ, வேறு மாத்திரைக்கு மாற்றியோ சரிசெய்ய வழியிருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்லோடிபின் உடம்பைவிட்டு மெல்லத்தான் இறங்கும். அதனால் நிறுத்தின ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது. எண்ணெய்தான் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவீர்கள். பிரஷர் ஏறுவது அதற்கப்புறம்தான்.